சுவர் தாண்டாத ரவுட்டர்

"வந்துச்சா?" என்று மாடியிலிருந்து கத்தினார் லோவெல்.

"இல்ல கண்ணு," என்று கீழே சமையலறையிலிருந்து பதில் சொன்னார் அவர் மனைவி ஆர்டிஸ்.

"இப்ப?"

"இப்பவும் இல்ல."

"விளக்காவது மினுக்குதா?"

"மினுக்குது. நம்ம பாதிரியார் பிரசங்கம் மாதிரிதான். ஆரம்பிக்கற மாதிரியே இருக்கு, ஆரம்பிக்க மாட்டேங்குது."

லோவெல் பெர்க்ஸ்டாட் பெருமூச்சு விட்டுக்கொண்டு படியிறங்கினார். காலையிலிருந்து இதே வேலை. மாடிக்குப் போய் லேப்டாப்பில் ஒரு பொத்தானை அழுத்துவது, கீழே வந்து பிரிண்டரை முறைத்துப் பார்ப்பது. இரண்டு முழங்கால்களும் தனித்தனிக் குரலில் முனகின. ஐம்பத்தெட்டு வயது மனிதனை இப்படி ஏறி இறங்க வைத்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு டப்பா. அதன் பெயர் ரவுட்டர். கம்பி இல்லாமலே வீட்டிலுள்ள கம்ப்யூட்டர்களையும் பிரிண்டரையும் ஒன்றாகக் கோத்துவிடும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. பெட்டி மேல் ஒரு குடும்பம் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டில் வேறு ரவுட்டர் இருந்திருக்க வேண்டும்.

லோவெலுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. ஆலங்கட்டி மழையில் ஓட்டை விழுந்த கூரைகளுக்கும் நசுங்கிய கார்களுக்கும் எவ்வளவு நஷ்டஈடு என்று தீர்மானிக்கிற வேலை. ஆபீஸ் டுலூத்தில் இருக்கிறது. மினசோட்டாவின் ஜனவரியில் அந்த நெடுஞ்சாலையில் போவதற்குப் பெயர் கார் ஓட்டுவது அல்ல, வேண்டுதல். பனிக்கட்டியில் கார் தன் இஷ்டத்துக்கு நகரும். மானுக்கு மூளை கிடையாது, குறுக்கே பாயும். கால் நூற்றாண்டாக இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பியவர், போன மாதம்தான் மேலதிகாரி ராக்ஸேனிடம் கெஞ்சிக் கூத்தாடி, வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஒரு மாத அனுமதி வாங்கியிருந்தார்.

"மாசக் கடைசி வெள்ளிக்கிழமை ஒரு சோதனை வைப்பேன்," என்று ராக்ஸேன் சொல்லியிருந்தார். "நான் போன்ல இருக்கும்போதே நான் கேக்கற படத்தை எடுத்து அனுப்பணும். நான் அனுப்பற காகிதத்தை பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பணும். முடிஞ்சா வீட்டுலயே இருங்க. முடியலேன்னா திங்கக்கிழமை உங்க நாற்காலி இங்க காத்துட்டிருக்கும்."

லோவெல் அந்த நாற்காலியை நினைத்தாலே சோர்ந்துபோவார். அதைவிட இன்னொன்று அவருக்கு முக்கியமாக இருந்தது. பிள்ளைகள் கல்யாணம் ஆகிப் போனபின் ஆர்டிஸ் இந்தப் பெரிய வீட்டில் பகலெல்லாம் தனியாகக் கிடந்தாளே, இப்போதாவது துணையாக நாம் இருக்கிறோமே என்று அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இனி சாகிறவரை மத்தியானச் சாப்பாடு மனைவியோடுதான் என்று தீர்மானித்திருந்தார்.

துணை என்றால் சாதாரணத் துணை இல்லை. ஆர்டிஸ் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் தட்டுகளை அடுக்கினால், லோவெல் பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துச் சரியான கோணத்தில் மறுபடி அடுக்குவார். ஆர்டிஸ் ஹீட்டரைக் கூட்டினால் அவர் குறைப்பார். பதினொன்றரைக்கே "மத்தியானத்துக்கு என்ன?" என்று கேட்பார். புதன்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது பல வருட வழக்கம். முதல் வாரம் லோவெல் அதே மேஜையில் லேப்டாப்பை விரித்தார். "கொஞ்சம் மெதுவா பேசறீங்களா? டுலூத்லேருந்து போன்" என்று கையமர்த்தினார். போன் இல்லாத நேரத்தில், துணியை எப்படி வெட்டினால் மிச்சம் விழாது என்று அவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

"அப்படியா, இப்படிக்கூட யோசிக்கலாம் போலிருக்கே," என்றார்கள் பெண்கள். அடுத்த புதன்கிழமை ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்கு வீட்டில் விருந்தாளி, மூன்றாமவருடைய கார் கிளம்பவில்லை.

அந்த ஊர் வழக்கம் அது. அங்கே யாரும் யாரையும் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்லிவிட மாட்டார்கள். தாய்ப்பாலோடு வந்த பழக்கம். காலை மிதித்தால் மிதிபட்டவர் மன்னிப்புக் கேட்பார். குழம்பு வாயில் வைக்க முடியவில்லை என்றால், "இது வித்தியாசமா இருக்கே" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வார்கள்.

அந்த வாரமே ஆர்டிஸ் மகனுடைய பழைய அறையைத் துடைத்துப் பெருக்கி, மேஜை போட்டு, "உனக்கு அமைதி வேணும்ல கண்ணு" என்று லோவெலை மாடியில் குடியேற்றினார். லோவெல் நெகிழ்ந்துபோனார். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர், பிரிண்டர், இன்டர்நெட் கம்பி எல்லாம் சமையலறை மூலையில் அல்லவா இருந்தன?

"பிரிண்டரை மாடிக்குத் தூக்கிட்டுப் போயிடட்டுமா?" என்று கேட்டார்.

"தாராளமா தூக்கிக்கோ. என் தையல் டிசைனையெல்லாம் நான் கையாலயே வரைஞ்சுக்கறேன். கை நடுங்கினா நடுங்கிட்டுப் போகுது."

முப்பது வருடம் குடித்தனம் செய்தவருக்கு இதற்கு அர்த்தம் தெரியாமல் இல்லை. பிரிண்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. ரவுட்டர் தேவைப்பட்டது அப்படித்தான்.

வாங்குவது என்றால் லோவெல் இரண்டு வாரம் ஆராய்ச்சி செய்யாமல் பல்விளக்கும் பிரஷ்கூட வாங்கமாட்டார். மலிவானது ஒன்று, நடுத்தரம் ஒன்று, எட்டு ஆன்டெனாவோடு மல்லாந்த சிலந்தி மாதிரி விலை உயர்ந்தது ஒன்று. வாங்கினவர்கள் இன்டர்நெட்டில் எழுதியிருந்த கருத்துகளைக் காலைச் சாப்பாட்டின்போது உரக்கப் படித்தார்.

"கேளு ஆர்டிஸ். 'மலிவா இருந்தாலும் நல்லா உழைக்குது'ன்னு ஒருத்தர். 'ஜன்னல் வழியா வீசிட்டேன்'னு இன்னொருத்தர். ரெண்டும் ஒரே டப்பா. எதை நம்பறது?"

"கஷ்டம்தான் கண்ணு."

மத்தியானமும் படித்தார். ராத்திரியும் படித்தார். பிரிண்டரையும் பைல்களையும் பகிர்ந்துகொள்ள மலிவானதே போதுமா, வீட்டில் எத்தனை சுவர், ஒவ்வொரு சுவரும் என்ன கனம் என்று அளவு நாடாவோடு அலைந்தார். ஒருநாள் ஆர்டிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"நான் டவுனுக்குத்தான் போறேன். நானே வாங்கிட்டு வந்துடறேன். நீ மூளையைக் கசக்காத."

வாங்கி வந்தது இருப்பதிலேயே மலிவானது. லோவெலுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படிச் சிக்கனமான மனைவி யாருக்கு வாய்க்கும்?

மலிவு டப்பாவை எங்கே வைப்பது என்பதில் தொடங்கியது சனி.

"உயரத்துல இருந்தா நல்லா வீசும்னு நீதானே வாசிச்ச," என்று ஆர்டிஸ் ஃப்ரிட்ஜ் தலையைக் காட்டினார். திங்கட்கிழமை வைத்தார்கள். ஒரு பக்கம் அச்சாகி வந்தது. லோவெல் கைதட்டினார். அதோடு சரி. பத்து நிமிஷம் வேலை செய்யும், செத்துவிடும். மறுபடி உயிர் வரும், சாகும். ஒவ்வொரு சாவுக்கும் லோவெல் மறுபடி பொத்தானை அழுத்தினார். செவ்வாய்க்கிழமைதான் கவனித்தார், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்திலிருந்த மைக்ரோவேவில் ஆர்டிஸ் காபியைச் சூடாக்கும்போதெல்லாம் டப்பா மயக்கம் போடுகிறது.

"ஆர்டிஸ், நீ ஒரு நாளைக்கு எத்தனை தடவை காபி சூடு பண்ற?"

"குளிர்காலம் ஆச்சே கண்ணு. ஆறிடுது."

"இனிமே அடுப்புல சூடு பண்ணிக்கயேன்?"

"பண்ணிக்கிட்டா போச்சு," என்ற ஆர்டிஸ், கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "நான் ஒண்ணு சொல்லட்டா? நடுக்கூடத்துல அத்தை குடுத்த பெரிய கண்ணாடிக்குப் பின்னால ஒரு மாடம் இருக்கே. வீட்டுக்கு நடு மையம். யார் கையும் படாது."

நல்ல யோசனை என்று லோவெலுக்குப் பட்டது. பக்கவாட்டு இடுக்கு வழியாக உள்ளே தள்ளிய ரவுட்டர் புதன்கிழமை முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் தவமிருந்தது. மாடியில் அலை ஒரு கோடுகூட எட்டிப் பார்க்கவில்லை. ராத்திரிதான் அவர் எங்கோ படித்தார், நிலைக்கண்ணாடி அலைகளைத் திருப்பியடிக்கும் என்று.

வியாழக்கிழமை கண்ணாடியைக் கழற்றினார். அதை மாட்டியவரும் அவர்தான். ஜென்மத்துக்கும் விழக்கூடாது என்று அன்றைக்கு அடித்த ஆணிகள் இன்றைக்கு அவரைப் பழிவாங்கின. கண்ணாடி வந்தது, கூடவே சுவரும் வந்தது. அந்தப்பக்கம் குளியலறையின் நீலத் துண்டு தெரிந்தது.

சத்தம் கேட்டு வந்த ஆர்டிஸ் ஓட்டையைப் பார்த்தார். பக்கத்தில் சுண்ணாம்புத் தூளில் குளித்து நின்ற கணவரைப் பார்த்தார்.

"பரவால்ல கண்ணு. காத்தோட்டமா இருக்கு."

சாண் ஏறினால் முழம் சறுக்குகிறதே என்று லோவெல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழ வேண்டும்போல இருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை அந்தச் சாலையில், அந்த இருட்டில், அந்த மான்களுக்கு நடுவே தன் கார் போவதைக் கண்ணால் கண்டார்.

உட்கார்ந்த இடத்தில்தான் யோசனை வந்தது. மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவில் படிக்கட்டு விளக்கு தொங்குகிறதே, அதிலேயே கட்டித் தொங்கவிட்டால்? பேரனின் கம்பளித் தொப்பிக்குள் ரவுட்டரைப் போட்டு, மீன்பிடி நரம்பால் கட்டி, விளக்கிலிருந்து தொங்கவிட்டார். கம்பி வாலாகப் படி நெடுக இறங்கியது. மாடிக்கு ஓடி லேப்டாப்பைப் பார்த்தார். முழு அலை! வாரம் முழுக்க ஏங்கியது வந்தேவிட்டது.

"ஆர்டிஸ்! கிடைச்சுடுச்சு!"

கீழே ஒரு தட்டு விழுந்த சத்தம் கேட்டது.

"ரொம்ப சந்தோஷம் கண்ணு," என்ற குரல் கொஞ்சம் தாமதமாக வந்தது.

"ஒரு பக்கம் அடிச்சுப் பாத்துடவா?"

"எதுக்கு? இருக்கற இங்க் நாளைக்கு வேணுமே. நான் பிரிண்டரை அணைச்சு வச்சுடறேன். நீ நிம்மதியா தூங்கு."

எவ்வளவு முன்யோசனை! லோவெல் அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை ராக்ஸேன் போன் செய்தார்.

"தயாரா லோவெல்?"

"தயார்ங்க. எல்லாம் பக்காவா இருக்கு."

"மொதல்ல படம். ஹாக்கன்ஸன் அம்மாவோட களஞ்சியக் கூரை. ஓட்டை விழுந்ததே, அந்தப் படத்தை அனுப்புங்க."

படங்களெல்லாம் கீழே வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தன. லோவெல் மாடியிலிருந்தே படங்கள் இருந்த போல்டரைத் திறந்தார். திறந்தது. ஆனால் மலிவு டப்பாவுக்கு அவசரம் தெரியாது. படங்கள் முகம் காட்டாமல் வெறும் வெள்ளைக் கட்டங்களாக நின்றன, கேமரா தானாகப் போட்ட எண்கள் மட்டும் தெரிந்தன. போனில் ராக்ஸேன் விரலால் மேஜையைத் தட்டுவது கேட்டது. களஞ்சியத்தின் எண் ஞாபகம் இருக்கிறது என்று நம்பிக்கையோடு ஒன்றை அழுத்தி அனுப்பினார்.

"வந்துடுச்சு," என்றார் ராக்ஸேன். மேஜையைத் தட்டிய விரல் நின்றது. "லோவெல், இது ஹாக்கன்ஸன் கூரையா?"

"ஆமாங்க. நடுவுல பெருசா ஓட்டை தெரியுதுங்களா?"

"தெரியுது. நல்லாவே திறந்திருக்கு."

"மேல இருந்ததெல்லாம் உதிர்ந்துபோச்சுங்க. வயசான கூரை."

"ஆமா. ஒண்ணுகூட மிச்சமில்ல, வழுவழுன்னு இருக்கு. ஆனா ஓட்டை ஓரமா எச்சில் வழியுது."

லோவெலுக்கு எதுவும் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் திரையிலும் வெள்ளைக் கட்டம் விலகிப் படம் தெரிந்தது. கூடத்துச் சோபாவில் வழுக்கைத் தலை பளபளக்க, வாயைப் பிளந்து அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"பின்னால சுவர்க் கடிகாரம் ரெண்டே கால் காட்டுது," என்றார் ராக்ஸேன் அமைதியாக. "ஜன்னல்ல வெயில் அடிக்குது. அதனால ராத்திரி இல்லன்னு நினைக்கறேன்."

"அது... அன்னைக்கு ஒருநாள்தாங்க..."

"சரி, அடுத்தது பாப்போம். ஒரு காகிதம் அனுப்பறேன். பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போடுங்க."

லோவெல் பொத்தானை அழுத்திவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே கீழே ஓடினார். ஆர்டிஸ் பிரிண்டரைப் போட்டு, தட்டு நிறையக் காகிதமும் வைத்திருந்தார். பிரிண்டர் கனைத்தது. காகிதம் வந்தது. லோவெல் ஆசையோடு எடுத்தார்.

'சோதனை' என்று போட்டிருந்தது. திங்கட்கிழமை அனுப்பியது.

அடுத்த காகிதம். அதுவும் திங்கட்கிழமை. அதற்கடுத்தது செவ்வாய். வாரம் முழுக்க மாடியிலிருந்து அழுத்திய அத்தனை பொத்தானுக்கும் பிரிண்டர் இப்போது மொத்தமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. சோதனை, சோதனை, சோதனை. தரையெல்லாம் சோதனை.

"நிறுத்து! எப்படி நிறுத்தறது?"

"தெரியலியே கண்ணு! கம்பியைப் பிடுங்கட்டுமா?"

"வேணாம், அப்புறம் அவங்க அனுப்பினதும் போயிடும்!"

புதன்கிழமைச் சோதனைகள் வெளிறி வந்தன. வியாழக்கிழமை வருவதற்குள் மை தீர்ந்தது. கடைசியில் ராக்ஸேனுடைய காகிதம் வந்தது, அப்பழுக்கில்லாத வெள்ளையாக. லோவெல் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்கே கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை.

"லோவெல்," என்றார் ராக்ஸேன், அன்பான குரலில். அந்த ஊரில் அன்பான குரலுக்குத்தான் பயப்பட வேண்டும். "நீங்க ரொம்ப முயற்சி எடுத்திருக்கீங்க. திங்கக்கிழமை பாக்கலாம். ரோட்டுல பனி ஜாஸ்தி, சீக்கிரமே கிளம்பிடுங்க."

ஆர்டிஸ் அன்றைக்கு அவருக்குப் பிடித்த மாதிரி, உருளைக்கிழங்கு வறுவலை மேலே பரப்பி இறைச்சிக் கலவை வேகவைத்திருந்தார். லோவெல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். துக்கத்திலும் பசிக்கிறதே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

"அந்தப் படம் நீ எடுத்ததா?" என்று கேட்டார்.

"குழந்தை மாதிரி தூங்கிட்டிருந்த. மனசு கேக்கல."

லோவெல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு அந்த ரோடுகூடப் பெருசில்ல ஆர்டிஸ். நீ மறுபடி பகலெல்லாம் தனியா இருப்பியேன்னுதான் தாங்கல."

ஆர்டிஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்ன பண்றது? பழகிக்க வேண்டியதுதான்."

மனைவி கண்ணீரை மறைக்கிறாள் என்றே லோவெல் நினைத்தார். அந்த நிமிஷமே ஒரு முடிவுக்கு வந்தார். விட்டுவிடக் கூடாது. நாளைக்கே இந்த டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எட்டு ஆன்டெனா சிலந்தியை வாங்கிக்கொண்டு வருவது. ராக்ஸேன் காலில் விழுந்தாவது இன்னொரு சோதனை கேட்பது. ஆர்டிஸிடம் இப்போது சொல்ல வேண்டாம், திடீரென்று வந்து நின்று மகிழ்விக்கலாம்.

சனிக்கிழமை காலை, ஆர்டிஸ் போனில் யாரிடமோ, "புதன்கிழமைதானே? எல்லாரையும் கூட்டிட்டு வா!" என்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, லோவெல் ரவுட்டரைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு நழுவினார்.

டவுன் கடையில் சால் என்பவன் நின்றான். நியூ ஜெர்சியிலிருந்து பிழைக்க வந்தவன். வந்து வருஷம் சில ஆகியும் அந்த ஊர் நாகரிகம் அவனுக்குப் பிடிபடவில்லை. மனதில் பட்டதை அப்படியே பேசிவிடுவான். அதனாலேயே அவனைப் பற்றி எல்லோரும் "சால் வித்தியாசமானவன்" என்று சொல்வார்கள்.

"இது எப்படி இருந்துச்சு?" என்று டப்பாவைப் பார்த்துக் கேட்டான் சால்.

"மோசம்னு சொல்ல முடியாது," என்றார் லோவெல்.

"நான் சொல்றேன். மகா மோசம். இந்தக் கடையிலேயே இதைவிடக் குப்பை எதுவும் இல்ல."

லோவெலுக்கு மனைவியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "அவளைச் சொல்லிக் குத்தமில்லப்பா. விலையைப் பாத்துட்டு அவசரத்துல வாங்கிட்டா. பாவம், அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

சால் தலையைச் சொறிந்தான்.

"அவசரமா? ஒரு மணி நேரம் நின்னாங்க சார். 'இதை வாங்காதீங்கம்மா, ஒரு சுவரைக்கூடத் தாண்டாது'ன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'நிச்சயமா தாண்டாதுல்ல?'ன்னு கேட்டு, என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டுதான் வாங்கிட்டுப் போனாங்க."